சிறிய எஞ்சின்களும் பெரிய வாக்குறுதிகளும்

ஐரோப்பிய ஒன்றியம் 2009ஆம் ஆண்டு ஒரு விதியை இயற்றியது. 2015இல் புதிய கார்கள் வெளியிடும் காபனீரொட்சைட்டின் சராசரி, கிலோமீற்றருக்கு 130 கிராமை மீறலாகாது என்பதே அவ்விதி. மீறும் நிறுவனங்களுக்கு அபராதமும் உண்டு. இதன் பின்னரே கார் எஞ்சின்கள் வேகமாகச் சிறுக்கத் தொடங்கின. போர்ட் நிறுவனம் 2012இல் சந்தைக்குக் கொண்டுவந்த மூன்று சிலிண்டர் எஞ்சினின் கொள்ளளவு ஒரு லீற்றர். வலுவோ 125 குதிரைவலு வரை.

இதில் மாயம் ஏதுமில்லை. பெற்றோல் எஞ்சினில் வலுவைக் குறைக்கக் காற்று செல்லும் வழியை ஒரு தகடு அடைக்கிறது. அடைபட்ட வழியூடாகக் காற்றை இழுப்பதிலேயே சக்தியின் ஒரு பகுதி வீணாகிறது. மெதுவாக ஓடும் பெரிய எஞ்சினில் இவ்விழப்பு அதிகம். சிறிய எஞ்சினில் அவ்வழி கூடுதலாகத் திறந்திருக்கும், உராய்வும் குறைவு. வலு வேண்டும்போது, கழிவு வாயுவால் சுழலும் டர்போ, காற்றை அழுத்தி உட்செலுத்துகிறது.

எனினும் நெடுஞ்சாலையிலும் ஏற்றத்திலும் டர்போ முழுமூச்சாக இயங்குகையில் வெப்பம் மிகுகிறது. அதைத் தணிக்கப் பல எஞ்சின்கள் மேலதிக எரிபொருளைச் செலுத்துகின்றன. சேமித்தது அங்கே கரைந்துவிடுகிறது.

அன்றைய ஆய்வுகூடப் பரிசோதனை இதைக் காணவில்லை. ஏறத்தாழ 20 நிமிடம், 11 கிலோமீற்றர், சராசரி வேகம் மணிக்கு 34 கிலோமீற்றர், அவ்வளவே. தூய போக்குவரத்துக்கான சர்வதேச சபையின் கணிப்பின்படி, பரிசோதனைக்கும் வீதிக்கும் இடையிலான வேறுபாடு 2001இல் சுமார் 9 வீதம். 2015இல் சுமார் 42 வீதம். இது எல்லா வகைக் கார்களையும் சேர்த்த கணக்கு.

இதற்காகப் பொறியியலாளரை மட்டும் குறைகூறுவது நியாயமன்று. கேட்கப்பட்ட கேள்விக்கு அவர்கள் விடை தந்தனர். கேள்வியே பிழையாக இருந்தது. 2015 செப்டெம்பரில் வொக்ஸ்வாகனின் டீசல் மோசடி அம்பலமாகிப் பரிசோதனைகள் மீதான நம்பிக்கை தகர்ந்தது. கடுமையான புதிய பரிசோதனையும் வீதியிலேயே புகையை அளக்கும் முறையும் 2017 செப்டெம்பரில்தான் நடைமுறைக்கு வந்தன.

பழைய கார் வாங்க எண்ணும் எமது குடும்பங்கள் இதனை மனங்கொள்ள வேண்டும். 2018க்கு முற்பட்ட கார்களின் பத்திரங்களில் உள்ள எரிபொருள் கணக்கு பெரும்பாலும் பழைய பரிசோதனையின் கணக்கே. நகருக்குள் ஓடுவோருக்குச் சிறிய எஞ்சின் சிக்கனமானது. நாள்தோறும் நெடுஞ்சாலையில் விரைந்து வேலைக்குச் செல்வோரோ, பத்திரத்தை நம்பி மாதச் செலவைத் திட்டமிடலாகாது என்பதே எமது கருத்து.