மன்னாருக்கென ஒதுக்கிய இடம் யாருக்கு?



க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறுகள் வந்ததும் நம் வீடுகளில் ஒரே மகிழ்ச்சி. அயல் வீடுகளுக்கு இனிப்பு போகிறது. மகள் கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் ஏ எடுத்துவிட்டாள் என்று உம்மா வாய் நிறையச் சொல்கிறார். இரண்டு கிழமை கழிகிறது. "ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கலைப்பிரிவுதானே இருக்கு. அதையே படிக்கட்டும்" என்று முடிவாகிறது. மகள் ஒன்றும் பேசுவதில்லை.

அந்த இரண்டு கிழமையில் அந்தப் பிள்ளை எதை இழந்தாள் என்பதைச் சொல்வதற்கே இம்மாதம் இந்தப் பக்கம்.

நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்குப் பிள்ளைகளைத் தெரிவு செய்யப் பல ஆண்டுகளாக ஓர் ஏற்பாடு இருந்து வருகிறது. ஒரு பாடநெறிக்கான இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் நிரப்பப்படும். 55 வீதம் சனத்தொகைக்கு ஏற்ப மாவட்டங்களுக்குப் பிரிக்கப்படும். மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகக் கொடுக்கப்படும். அந்தப் பதினாறில் மன்னாரும் ஒன்று, புத்தளமும் ஒன்று.

இதன் பொருள் என்ன? மாவட்ட இடங்களுக்கு மன்னார்ப் பிள்ளை கொழும்புப் பிள்ளையோடு போட்டியிட வேண்டியதில்லை. மன்னார்ப் பிள்ளைகளோடு போட்டியிட்டால் போதும். ஆனால் இடங்கள் மிகக் கொஞ்சம். 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நம் மாவட்டத்தின் சனத்தொகை ஏறத்தாழ ஒரு லட்சம். அதாவது நாட்டில் நூற்றுக்கு அரை வீதம். ஒரு துறைக்கு நாடு முழுவதும் 2000 இடங்கள் என்று வைத்துக்கொள்வோம். மாவட்டங்களுக்கு 1100 இடங்கள். அந்தக் கணக்கின்படி மன்னாருக்கு ஐந்து அல்லது ஆறு. பின்தங்கிய மாவட்டங்களுக்கான பங்கிலும் ஒரு சிறு அளவு கிடைக்கும். அந்த இடங்களில் யாரோ ஒரு பிள்ளை அமரத்தான் போகிறது. நம் வீட்டுப் பிள்ளை அந்த வரிசையில் நின்றதா என்பதுதான் கேள்வி.

இங்கேதான் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மருத்துவம், பொறியியல், விஞ்ஞானம், முகாமைத்துவம் போன்ற துறைகளுக்கே இந்த மாவட்டப் பங்கு கைகொடுக்கும். கலைத்துறைக்கான தெரிவு அகில இலங்கைத் திறமை அடிப்படையிலேயே நடக்கிறது. கலைப்பிரிவு தாழ்ந்தது என்று யாரும் எண்ண வேண்டாம். விரும்பிப் படிக்கும் பிள்ளைக்கு அதுவும் நல்ல வழியே. ஆனால் விஞ்ஞானம் படிக்க ஆசையும் ஆற்றலும் உள்ள பிள்ளையை, ஊரில் வேறு பிரிவு இல்லை என்பதற்காகக் கலைப்பிரிவில் சேர்த்தால், மன்னாருக்கென்று கிடைத்த சலுகையை அவளிடமிருந்து நாமே பறித்துவிடுகிறோம்.

உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ளவை 1ஏபி வகைப் பாடசாலைகள். 1சி வகையில் கலையும் வர்த்தகமும்தான் பெரும்பாலும் உண்டு. இரண்டாம் வகைப் பாடசாலைகள் பதினோராம் ஆண்டோடு நின்றுவிடும். முசலிப் பக்கத்துக் கிராமமொன்றில் இருக்கும் பிள்ளைக்கு விஞ்ஞானம் வேண்டுமென்றால் வீட்டை விட்டுத் தூரம் போகத்தான் வேண்டும். பஸ் செலவு, தங்குமிடம், டியூஷன், பெண் பிள்ளை என்ற கவலை எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். கடலை நம்பி வாழும் வாப்பா என்ன செய்வார்?

நம் மக்களுக்கு இன்னொரு பாரமும் உண்டு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டு, எருக்கலம்பிட்டியிலும் தாராபுரத்திலும் மற்ற ஊர்களிலும் வாழ்ந்தவர்கள் கடல் வழியாகவும் தரை வழியாகவும் புத்தளம், கற்பிட்டிப் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். ஒரு தலைமுறை கிடுகுக் கொட்டில்களில் எழுத்துப் படித்தது. 2009இல் யுத்தம் முடிந்த பின் பலர் திரும்பினாலும், பல குடும்பங்களுக்கு ஒரு கால் புத்தளத்தில், ஒரு கால் மன்னாரில். இப்படிப்பட்ட பெற்றோர் ஒன்றை மறக்கக் கூடாது. பாடசாலை மாணவரின் மாவட்டம் பொதுவாக வீட்டு முகவரியைக் கொண்டு தீர்மானிக்கப்படுவதில்லை. உயர்தரப் பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டுகளில் எந்த மாவட்டத்துப் பாடசாலையில் படித்தார் என்பதே பார்க்கப்படும். பிள்ளையைப் பாடசாலை மாற்றும் முன் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலை ஆசிரியர் ஒருவரைக் கொண்டு வாசித்துக் கேளுங்கள்.

நம் முன்னோர் இந்தப் பிரச்சினையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் 1911இல் பிறந்த ஏ.எம்.ஏ. அஸீஸ், இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம். நாட்டில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்த அதே 1945ஆம் ஆண்டில், ஏழை மாணவர் உயர்கல்வி பெற உதவவென அவர் முன்னின்று இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியைத் தொடங்கினார். கட்டணம் இல்லாமற் போனாலும் சோறும் படுக்கையும் புத்தகமும் இலவசமாக வருவதில்லை அல்லவா? 1948இல் சிவில் சேவைப் பதவியையே விட்டுவிட்டுக் கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபரானார். வடக்கில் பிறந்த ஒருவர் செய்து காட்டிய வேலை இது. நம் ஊர் அளவில் நம்மால் முடியாதா?

முடியும் சகோதரிகளே! பெரிய பணக்காரர் வேண்டியதில்லை. நம் உம்மும்மாமார் உலையில் அரிசி போடும் முன் ஒரு பிடி எடுத்துத் தனியே வைத்தார்கள். அந்தப் பிடியரிசியைத் திரும்பத் தொடங்குவோம். ஒரு பிடி 50 கிராம் என்றாலும், நூறு வீடுகள் நாளுக்கொரு பிடி எடுத்தால் மாதம் 150 கிலோ சேரும். அதன் விலையை நீங்களே கணக்குப் பாருங்கள். ஒன்றிரண்டு பிள்ளைகளின் பஸ் செலவுக்காவது அது உதவாதா?

சேர்ந்த பணத்தை எங்கே செலவிடுவது? இரண்டு வாசல்களில் பிள்ளைகள் தடுக்கி விழுகிறார்கள். அந்த இரண்டிலும் கைகொடுங்கள்.

முதலாவது, சாதாரண தரத்துக்குப் பின்னான அந்தச் சில கிழமைகள். பெறுபேறு வந்த உடனே ஊரில் படித்த ஆசிரியை ஒருவரோடு வீடு வீடாகச் சென்று பிள்ளையிடம் என்ன படிக்க விருப்பம் என்று கேளுங்கள். பெண் பிள்ளையைத் தனியே அனுப்ப உம்மாவுக்குப் பயமென்றால் அது நியாயமான பயம். மூன்று நான்கு பிள்ளைகளை ஒன்றாக அனுப்புங்கள். மன்னார் நகரில் நம்பிக்கையான ஒரு குடும்பத்தோடு தங்க ஒழுங்கு செய்யுங்கள். முறை வைத்து ஓர் உம்மா கூடப் போய் இருக்கலாம்.

இரண்டாவது, உயர்தரப் பெறுபேற்றுக்குப் பின். மூன்று பாடங்களிலும் சித்தியும் பொதுச் சாதாரணப் பரீட்சையில் 30 புள்ளியும் இருந்தால் விண்ணப்பிக்கத் தகுதி உண்டு. விண்ணப்பத்தில் எழுதாத பாடநெறி எவ்வளவு புள்ளி இருந்தாலும் கிடைக்காது. வெட்டுப்புள்ளி தெரிந்த ஒருவரை அருகில் வைத்து, பிள்ளை விரும்பும் பாடநெறிகளை வரிசையாக நிரப்பச் செய்யுங்கள். இடம் கிடைத்தபின் மகாபொல உண்டு என்று நிம்மதியாக இருந்துவிடவும் வேண்டாம். 1981இல் தொடங்கிய அந்தப் புலமைப்பரிசிலின் மாதாந்தத் தொகை 2025இல் 5000 ரூபாவிலிருந்து 7500 ரூபாவாக உயர்ந்தது நல்ல செய்திதான். ஆனால் முதல் தவணை கைக்கு வரச் சில மாதங்கள் ஆகலாம். வவுனியாவோ ஒலுவிலோ எங்கே போனாலும் அந்த முதல் மாதங்களில்தான் பிள்ளை பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்பி வருகிறது. ஊர்ப் பிடியரிசி அந்த ஆறு மாதத்துக்குக் காவலாக நிற்கட்டும்.

கொடுப்பதைச் சொல்லிக் காட்டாமல் கொடுங்கள். வாங்கும் பிள்ளையின் பெயர் கடைத்தெருவில் பேசப்படக் கூடாது. படித்து உழைக்கத் தொடங்கிய பின், அந்தப் பிள்ளை இன்னொரு பிள்ளைக்குக் கொடுக்கட்டும்.

அடுத்த பெறுபேறு வரும்போது இனிப்போடு நின்றுவிடாதீர்கள். மகளைப் பக்கத்தில் அமர்த்தி, "உனக்கு என்ன படிக்க ஆசை, மகள்?" என்று கேளுங்கள். அவள் சொல்லும் பதிலை ஊர் முழுக்கச் சேர்ந்து நிறைவேற்றி வைப்போம், இன்ஷா அல்லாஹ்.