ஜெர்மனுக்குச் செல்லும் வழியில் ஆங்கிலச் சுங்கச்சாவடி

இந்தியப் பல்கலைக்கழகங்களில் ஜெர்மன் பயிலும் மாணவர் பலர் சொற்களை மனனம் செய்யும் முறை ஒன்றே: கைப்பேசியில் ஓர் அட்டை, முன்புறம் ஜெர்மன் வாக்கியம், பின்புறம் ஆங்கிலம். அவ்வாக்கியங்களுள் கணிசமானவை முதலில் ஆங்கிலத்தில் எழுதப்பட்டுப் பின்னர் ஜெர்மனுக்குப் பெயர்க்கப்பட்டவை. சூழலோடு சொல் கற்பித்தல் என்று இதனைப் புகழ்கிறார்கள். அந்தச் சூழல் எந்த மொழியினுடையது என்பதே என் கேள்வி.

'மியர் இஸ்ட் கால்ட்' என்பது 'எனக்குக் குளிராக இருக்கிறது' என்பதன் நேர் வடிவம். குளிரை உணர்பவர் ஈரிடத்தும் நான்காம் வேற்றுமையில்தான் நிற்கிறார். அட்டையின் பின்புறமோ 'ஐ ஆம் கோல்ட்' என்கிறது. அதைக் கண்ட மாணவர் தம்மை எழுவாயாக்கி 'இஹ் பின் கால்ட்' என்கிறார். கேட்பவர் காதில் அது 'நான் ஈரமற்ற நெஞ்சினன்' என்று விழக்கூடும். இப்பிழையைக் களைய ஆசிரியர் அரைமணி நேரம் செலவிட்டு, கொடை வேற்றுமையை ஓர் அயல்விந்தையாக விளக்குகிறார். கொல்லன் தெருவில் ஊசி விற்கும் வேலை இது.

வகுப்பில் பலமொழி மாணவர் இருக்கிறார்கள், பொதுமொழி ஆங்கிலம்தானே என்பது வழக்கமான மறுமொழி. இந்தியின் 'முஜே', மராத்தியின் 'மலா', தெலுங்கின் 'நாகு' ஆகிய அனைத்தும் குளிரை உணர்பவரை இதே வேற்றுமையில்தான் நிறுத்துகின்றன. அந்த அறையில் உள்ள மொழிகளில் இந்த அமைப்பை இழந்து நிற்பது ஆங்கிலம் ஒன்றே. அதையே அளவுகோலாக்கிவிட்டு மற்றவர் அனைவரையும் தடுமாற வைப்பதற்குப் பெயர் பொதுமையா?

இதனினும் பெரிய இழப்பு இடைச்சொற்களில் நேர்கிறது. 'டொஹ்', 'மால்', 'யா', 'ஹால்ட்' இன்றி ஜெர்மானியர் இயல்பாக உரையாடுவதில்லை. மூலத்தில் நிகர் இல்லாத இலக்குமொழிக் கூறுகள் மொழிபெயர்ப்பில் அருகிவிடும் என்பது ஃபின்லாந்து அறிஞர் சோன்யா டிர்க்கொனென்-கோண்டிட் முன்வைத்த கருதுகோள். ஃபின்னிய இடைச்சொல் ஒட்டுகளும் அவர் ஆராய்ந்த கூறுகளுள் அடங்கும். ஆங்கில வாக்கியத்திலிருந்து பிறந்த ஜெர்மனில் 'டொஹ்' எங்கிருந்து வரும்? அங்கே 'கொம்' என்ற மொட்டைக் கட்டளைதான் மிஞ்சும். 'கொம் டொஹ்' என்பதைத் தமிழர் 'வாயேன்' என்ற ஒரே சொல்லில் பிடித்துவிடுவார். தொல்காப்பியம் இடைச்சொல்லுக்குத் தனி இயலே வகுத்த மொழியிலிருந்து வருபவருக்கு, இடைச்சொல் உதிர்ந்த ஜெர்மனைக் கற்பிக்கிறோம்.

தமிழ் எல்லாப் பூட்டையும் திறக்கும் என்று நான் வாதிடவில்லை. 'விஸ்ஸென்', 'கெனென்' இரண்டுக்கும் ஆங்கிலத்தைப் போலவே தமிழும் 'தெரியும்' என்ற ஒற்றைச் சொல்லோடு நின்றுவிடுவதுண்டு. பெயர்ச்சொற்களின் பால் வேறுபாட்டில் நம் திணைப் பாகுபாடு கைகொடுப்பதில்லை. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்குவும் தமது தமிழ் இலக்கணத்தை இலத்தீனில்தான் எழுதினார். அது 1716இல் ஹாலேயில் அச்சேறியது. விளக்கத்திற்கு மூன்றாம் மொழி ஒன்றை நாடுவதில் குற்றமில்லை. எடுத்துக்காட்டு வாக்கியத்தையே அந்த மூன்றாம் மொழியிலிருந்து வார்ப்பது வேறு.

இது ஆய்வு மாணவர்களின் நுண்மைச் சிக்கல் மட்டுமன்று. ஜெர்மானிய மருத்துவமனைகளில் பணிபுரிய விரும்பும் செவிலியர் மொழித் தேர்வில் தேறியாக வேண்டும். அவர்களுள் தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் இருக்கிறார்கள். நோயாளியிடம் அவர்கள் கேட்க வேண்டிய வாக்கியம்: 'வோ டூட் எஸ் ஈனென் வே?' அதாவது, 'உங்களுக்கு எங்கே வலிக்கிறது?' மரியாதைப் பன்மையும் நான்காம் வேற்றுமையும் அதில் அப்படியே இருக்கின்றன. 'வேர் டஸ் இட் ஹர்ட்?' என்ற பின்புறத்தில் அந்த 'உங்களுக்கு' இல்லை. இந்த அட்டையைக் கொண்டு படித்துவிட்டு 'ஈனெ'னைத் தவறவிடும் பெண்ணிடம், உன் ஆங்கிலம் போதாது, முதலில் அதைச் சரிசெய்து வா என்கிறார்கள்.