கதை கேட்கவும் ஒரு மானியம்



வறிய குடும்பத்துக்கு உதவி என்றதும் உலர் உணவு, தையல் இயந்திரம், சுயதொழில் கடன் என்பவைதான் நம் நினைவுக்கு வருகின்றன. இவை அவசியமானவையே. ஆனால் ஒரு தாயும் பிள்ளையும் சேர்ந்திருந்து கதை கேட்பதற்கு அரசாங்கம் பணம் கொடுக்குமா? அமெரிக்காவில் கொடுத்திருக்கிறார்கள்.

இலக்கியம், வரலாறு, மெய்யியல், மொழிகள் முதலியவற்றை மனிதப்பண்பியல் என்கிறோம். இத்துறைகளை வளர்ப்பதற்காக, 1965 இல் ஜனாதிபதி ஜோன்சன் ஒப்பமிட்ட சட்டத்தின்படி அங்கே ஒரு தேசிய நிதியம் உருவானது. அதன் பணம் பல்கலைக்கழகங்களுக்கு மட்டும் போகவில்லை. மாநிலங்கள் தோறும் இயங்கும் சபைகள் ஊடாகச் சிற்றூர் நூலகங்களுக்கும் சென்றது. இன்று இத்தகைய சபைகள் 56 உள்ளன.

லூசியானா மாநிலச் சபை 1991 இல் ‘பிரைம் டைம்’ என்ற குடும்ப வாசிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. வாரம் ஒரு தடவை, 90 நிமிடங்கள், ஆறு வாரங்கள். 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகள் பெற்றோருடன் நூலகத்துக்கு வருவார்கள். கதைசொல்லி ஒருவர் கதையை வாசிப்பார். பின்னர் கல்விமான் ஒருவர் நீதி, பேராசை, துணிவு பற்றிக் கேள்விகள் கேட்பார். சரி, பிழை என்று புள்ளி போடுவதில்லை. இளைய பிள்ளைகளைப் பராமரிக்க வேறாக ஏற்பாடு உண்டு. உணவும் போக்குவரத்து உதவியும் வழங்கப்பட்டன.

கைப்பிள்ளையை யாரிடம் விடுவது, பஸ் காசுக்கு என்ன செய்வது, இராச் சாப்பாட்டை யார் சமைப்பது என்ற கவலைகள்தான் தாய்மாரை எந்தக் கூட்டத்துக்கும் வரவிடாமல் தடுக்கின்றன. அவற்றைத் தீர்த்துவிட்டால், வாசிக்கத் தடுமாறும் தாயும் வருவாள். நியாயம், அநியாயம் பற்றிச் சொல்ல அவளிடம் நிறைய உண்டு. தன் அம்மா பேசுவதை மற்றவர்கள் மதித்துக் கேட்பதைப் பிள்ளையும் காணும்.

2024 இல் அந்நிதியத்துக்கு ஒதுக்கப்பட்டது 207 மில்லியன் டொலர். ஆளுக்கு ஏறக்குறைய 60 சதம். அதுவும் வீண் செலவாகத் தெரிந்தது போலும். 2025 ஏப்ரலில் சபைகளுக்கான மானியங்கள் திடீரென இரத்துச் செய்யப்பட்டன. மெலன் மன்றம் என்ற தனியார் அறநிலையம் 15 மில்லியன் டொலர் அவசர உதவி வழங்கியது. ஓகஸ்டில் ஒரிகனிலுள்ள சமஷ்டி நீதிமன்றம் சபைகளுக்குச் சார்பாக இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. ஆயினும் வழக்கு முடியும்வரை பிள்ளையின் வயது காத்திருக்குமா?

நம் ஊர்களிலும் சனசமூக நிலைய வாசிகசாலைகளும் பிரதேச சபை நூலகங்களும் உள்ளன. ஒக்டோபர் வாசிப்பு மாதத்தில் போட்டிகளும் பரிசளிப்பும் நடக்கின்றன. அவற்றோடு நின்றுவிடாமல், மாதம் ஒரு மாலையைத் தாய்க்கும் பிள்ளைக்குமாக ஒதுக்கும்படி மாதர் சங்கத்தின் மூலம் கேளுங்கள். பாய், தேநீர், நாலு கதைப் புத்தகங்கள், சின்னஞ்சிறுசுகளைப் பார்க்க ஒருவர், இவ்வளவே தேவை. அடுத்த ஆண்டு வரவு செலவுத் திட்டம் தயாராகுமுன் கோரிக்கையை எழுத்தில் கொடுத்து, பிரதியொன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.