கத்திரி வெயிலில் இன்னொரு சூரியன் எதற்கு?

என் மனைவியின் தம்பி செங்கல்பட்டு வீட்டில் மூன்றடிக் கடல்மீன் தொட்டி வைத்திருக்கிறார். கொளத்தூர் பக்கம் யாரோ கழித்துக்கட்டிய மெட்டல் ஹாலைடு விளக்கு இரண்டு, தலா 250 வாட், சோக்கோடு சல்லிசாகக் கிடைத்ததாம். "மாமா, வந்து மாட்டிக் கொடுங்க. எல்இடி எல்லாம் சீரியல் லைட்டு மாதிரி. பவளம் வளரணும்னா சூரியன் மாதிரி ஹாலைடுதான்" என்றார். மாட்டித் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஒரு வாரமாகப் பேச்சில்லை. அவர் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தச் "சூரியன் மாதிரி". நடுப்பகல் வெயிலின் நிறம் சுமார் 5500 கெல்வின். பவளத் தொட்டிக்கென்று விற்கும் ஹாலைடு பல்பின் பெட்டியைப் பாருங்கள், 14000, 20000 என்று போட்டிருக்கும். அது நீல வெளிச்சம், சூரியன் அல்ல. நீலம் ஏன் என்றால், கடல் தண்ணீர் சிவப்பை முதல் சில மீட்டரிலேயே விழுங்கிவிடும். ஆழத்துக்கு இறங்குவது நீலம்தான். பவளத்தின் சதைக்குள் குடியிருக்கும் நுண்பாசி அந்த வெளிச்சத்தில்தான் சமைத்து, பவளத்துக்கும் பங்கு கொடுக்கிறது. அதே நீலத்தை, 450 நானோமீட்டர் பக்கம், எல்இடி நேராகவே தருகிறது. பிறகு எது பொம்மை?

ஹாலைடுக்கும் பெருமை உண்டு, மறைக்கவில்லை. ஒரே புள்ளியிலிருந்து வருவதால் தண்ணீருக்கடியில் அலையலையாக ஆடும் அந்த வெளிச்சம் கொள்ளை அழகு. தொட்டி முழுக்கச் சீராகப் பரவும். மலிவான எல்இடியில் ஒரு பக்கம் கண்ணைக் கூசும், பாறைக்குப் பின்னால் இருட்டடிக்கும். பெட்டியில் போட்டிருக்கும் வாட் கணக்கைப் பாதி நேரம் நம்ப முடியாது. உப்புக் காற்றில் மின்விசிறி துருப்பிடித்து நின்றுபோகும். எல்லாம் சரி. ஆனால் நாம் இருக்கும் ஊர் எது?

குளிர் நாட்டுக்காரனுக்கு ஹாலைடின் சூடு வரப்பிரசாதம், ஹீட்டர் செலவு மிச்சம். நமக்கு மே மாதத்தில் கூடத்திலேயே 35 டிகிரி. ஹாலைடின் சூடு அகச்சிவப்புக் கதிராக நேரே தண்ணீரில் இறங்குகிறது. எல்இடியும் சுடும்தான், ஆனால் அந்தச் சூடு முதுகுப்பக்க அலுமினியத் தகட்டில் ஏறிக் காற்றோடு போய்விடும். பவளத்துக்கு 25, 26 டிகிரி சுகம். 30-ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் உள்ளிருக்கும் பாசியை வெளியே துப்பிவிட்டு வெளுத்துப்போகும். மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 கோடைகளில் திறந்த கடலிலேயே இது நடந்தது. மூன்றடித் தொட்டி எம்மாத்திரம்?

சில்லர் வாங்கிக்கொள்கிறேன் என்பார். சோக்கையும் சேர்த்து 550 வாட், எட்டு மணி நேரம், நாளொன்றுக்கு 4.4 யூனிட். இரண்டு மாத பில்லில் 264 யூனிட், விளக்குக்கு மட்டும். அந்தச் சூட்டை வெளியேற்ற சில்லருக்குத் தனி. 200 வாட் எல்இடிக்கு அதே கணக்கு 96 யூனிட். காசு கொடுத்துச் சூடாக்கி, மறுபடி காசு கொடுத்துக் குளிரவைப்பது என்ன கெட்டிக்காரத்தனம்? கரண்ட் ஒரு தடவை கண்ணடித்தால் ஹாலைடு அணைந்து, ஆறிய பிறகுதான், பத்துப் பதினைந்து நிமிஷம் கழித்து எரியும். நம்ம ஊரில் கரண்ட் எத்தனை தடவை கண்ணடிக்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

இதெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டது மட்டுமல்ல. 2008 வாக்கில் பூஞ்சேரியில் ஒரு நண்பர் வீட்டுத் தொட்டிக்கு இதே ஹாலைடை என் கையாலேயே மாட்டிக் கொடுத்தேன். ஏஜெண்ட் ஒருவர் பாலிதீன் பையில் உயிர்ப் பவளம் கொண்டுவந்தார். கத்திரி வெயிலில் ஒரு மதியம் சில்லர் நின்றுவிட்டது, வீட்டில் யாருமில்லை. சாயங்காலம் தண்ணீர் 34 டிகிரி. மூன்றே நாளில் அத்தனையும் மாமல்லபுரம் சங்குக் கடைகளில் அந்தக் காலத்தில் விற்ற வெள்ளைப் பவளக்கொம்பு மாதிரி ஆகிவிட்டது. நண்பர் அலட்டிக்கொள்ளாமல் ஏஜெண்டுக்குப் போன் போட்டார். அடுத்த பை வந்தது. எனக்கு இன்றுவரை உறுத்துவது அந்த இரண்டாவது பைதான்.

நம் மாமல்லபுரம் கரையில் பவளத்திட்டு கிடையாது, மணலும் பாறையும்தான். அப்படியானால் அந்தப் பை மன்னார் வளைகுடாவிலிருந்தோ பாக் நீரிணையிலிருந்தோ பிடுங்கி வந்ததாகத்தான் இருக்கும். 2001-லேயே பவளங்களை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடு சேர்த்துவிட்டார்கள். அது அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது. மச்சானுக்கு இப்போது தெரியும், நான்தான் சொன்னேனே.

எனவே மச்சான், உயிர்ப் பவளம் வேண்டாம். கோமாளி மீன் வையுங்கள்; மண்டபத்தில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் அதைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்கவைத்துக் காட்டியிருக்கிறார்கள். அதற்கு நல்ல எல்இடி ஒன்று தாராளம். ஞாயிற்றுக்கிழமை நானே வந்து மாட்டித் தருகிறேன். அந்த ஹாலைடு பல்புகளைக் குப்பையில் மட்டும் போட்டுவிடாதீர்கள், உள்ளே பாதரசம் இருக்கிறது. எடுத்து வையுங்கள், வரும்போது வாங்கிக்கொள்கிறேன்.