எதற்காகக் கேட்கிறீர்?

மருத்துவர் முன்னே அமர்ந்தவுடன், வீட்டில் எண்ணி வைத்த கேள்விகளில் பாதி மறந்து போகின்றன. வெளியே வரிசை நீண்டிருக்கிறது. அவர் கையோ அடுத்த சீட்டைத் தேடுகிறது. இந்நிலையில், நள்ளிரவிலும் சலியாமல் விடையளிக்கும் செயற்கை அறிவுக் கருவிகளிடம் மக்கள் தம் நோயைச் சொல்லத் தொடங்கியிருப்பதில் வியப்பில்லை.

இதனை வெறும் மாயையென்று ஒதுக்க நாம் விரும்பவில்லை. 2023-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், பொதுமக்கள் கேட்ட 195 மருத்துவக் கேள்விகளுக்கு மருத்துவர்கள் எழுதிய விடைகளையும், சாட்ஜிபிடி எழுதிய விடைகளையும், எவை எவருடையவை என்று கூறாமல் மருத்துவத் துறையினரிடமே கொடுத்தனர். நூற்றுக்கு ஏறத்தாழ 79 முறை அவர்கள் கருவியின் விடையையே சிறந்ததாகக் கொண்டனர். பரிவு மிக்கதென்றும் அதையே குறித்தனர். மருத்துவர்களின் விடைகள் மிகச் சுருக்கமாயிருந்தன என்பதும் உண்மை. நேரமில்லாதவரின் பரிவு வெளியே தெரிவதில்லை. குருக்களாகிய எமக்கும் இது பொருந்தும்!

ஆயினும், 2025-இல் அமெரிக்க மருத்துவ இதழொன்று வெளியிட்ட நிகழ்ச்சியையும் அறிந்துகொள்வோம். 60 வயதினர் ஒருவர், அண்டைவீட்டார் தமக்கு நஞ்சூட்டுவதாகக் கூறிக்கொண்டு மருத்துவமனைக்கு வந்தார். தாகம் மிகுந்திருந்தும், கொடுத்த தண்ணீரை ஐயுற்றார். இல்லாதவற்றைக் கண்டார், கேட்டார். பின்னரே காரணம் வெளிப்பட்டது. உப்பினால் வரும் தீங்குகளைப் படித்திருந்த அவர், சாட்ஜிபிடியை உசாவிய பின், சமையல் உப்பாகிய சோடியம் குளோரைடுக்குப் பதிலாகச் சோடியம் புரோமைடை மூன்று மாதங்கள் உண்டு வந்திருக்கிறார். அது முற்காலத்தில் நரம்புகளை அமைதிப்படுத்தும் மருந்தாக வழங்கி, உடலில் தேங்கி மனத்தைக் கலக்குவதால் பெரும்பாலும் கைவிடப்பட்ட பொருள். மூன்று வாரச் சிகிச்சைக்குப் பின் தெளிவடைந்து வீடு திரும்பினார்.

அவர் பெற்ற விடை இன்னதென மருத்துவர்களால் காண இயலவில்லை. ஆதலின், குளோரைடுக்கு மாற்று எதுவென்று தாமே அக்கருவியைக் கேட்டுப் பார்த்தனர். புரோமைடின் பெயர் வந்தது. சூழலைப் பொறுத்தது என்ற குறிப்பும் வந்தது. உடலுக்கு ஆகாதென்ற எச்சரிக்கை வரவில்லை. "எதற்காகக் கேட்கிறீர்?" என்று எந்த மருத்துவரும் முதலில் வினவியிருப்பாரே, அவ்வினாவும் வரவில்லை.

பிந்திய பதிப்புகள் எதிர்க்கேள்வி கேட்கவும் பழகியிருக்கின்றன என்பது மெய்யே. எனினும் நாம் எழுதிக் கொடுத்ததையே அவை அறியும். நோயாளரைக் காணச் செல்லும்போது நாம் பலமுறை கண்டதுண்டு: கால் வீக்கத்தைப் பற்றியே அரைமணி பேசியவர், நாம் விடைபெற்று வாசற்படியை அடைந்த பின்னரே, உண்மையில் தம்மை வாட்டுவதைச் சொல்வார். எழுதத் தோன்றாத அதனை எந்தக் கருவி அறியும்?

ஆகவே, மருந்தையோ உணவையோ அதன் சொற்கேட்டு மாற்ற வேண்டாம். பரிசோதனை முடிவில் விளங்காத சொல்லுக்குப் பொருள் கேளுங்கள். மருத்துவரிடம் கேட்க வேண்டியவற்றை முன்னிரவே அதன் துணையால் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அவர் கை அடுத்த சீட்டைத் தேடினாலும், தயங்காமல் அத்தாளை அவர் முன்னே விரித்து வையுங்கள்.