நிகழ்தகவுப் பாடத்தில் பைக் ரேஸ் ரேட்டும் வரட்டும்

பைக் பந்தயத்துக்கும் தருமபுரிக்கும் தூரம் அதிகமில்லை. 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரியும்வரை ஓசூர் தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தது. டிவிஎஸ் தொழிற்சாலையும் அதன் ரேஸ் அணியும் வளர்ந்தது அங்கேதான். பென்னாகரம், பாலக்கோடு, அரூரிலிருந்து ஓசூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போகும் இளைஞர்கள் பலருக்கு மார்க் மார்க்கெஸ் என்ற பைக் பந்தய வீரரின் பெயர் புதிதல்ல. 2023 செப்டம்பரில், அவர் ஓட்டும் மோட்டோஜிபி என்ற உலக பைக் பந்தயத் தொடர் கிரேட்டர் நொய்டாவுக்கே வந்துபோனது. இந்த ஆர்வம் இருக்கும் இடத்துக்குப் பெட்டிங் செயலிகளும் வந்துவிடுகின்றன. இந்த வருடம் சாம்பியன் யார் என்ற கேள்வி, கீழே வீரர்களின் பெயர்கள், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு ரேட். அந்த எண்ணைப் படிக்கத் தெரியாமல்தான் பெரும்பாலானவர்கள் பணம் கட்டுகிறார்கள். அதைப் படிக்கும் வித்தையைப் பத்தாம் வகுப்புக் கணக்குப் பாடத்திலேயே சொல்லிக்கொடுக்க வேண்டும் என்கிறேன்.

கணக்கு எளிதுதான். ரேட் 4 என்றால், 100 ரூபாய் கட்டி ஜெயித்தவருக்குப் போட்ட பணத்தையும் சேர்த்து 400 ரூபாய் வரும். 1-ஐ ரேட்டால் வகுத்தால், அந்த வீரர் வெல்ல எவ்வளவு வாய்ப்பு என்று அந்த விலை சொல்வது தெரியும். 4-க்கு 25 சதவீதம். ஒரு மாதிரிப் பட்டியலை எடுத்துக்கொள்வோம். முதல் வீரருக்கு ரேட் 2, அடுத்தவருக்கு 4, மூன்றாமவருக்கு 5, 'மற்ற யாராவது' என்பதற்கு 5. சதவீதமாக்கினால் 50, 25, 20, 20. கூட்டினால் 115. ஆனால் பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் 'புள்ளியியலும் நிகழ்தகவும்' என்ற இயல் என்ன சொல்கிறது? கூறுவெளியில் உள்ள எல்லா முடிவுகளின் நிகழ்தகவையும் கூட்டினால் 1 வர வேண்டும், அதாவது நூற்றுக்கு நூறு. அப்படியானால் கூடுதலாக இருக்கும் 15 யாருடையது? நான்குக்கும் முறையே 50, 25, 20, 20 ரூபாய் கட்டிப் பாருங்கள். கையைவிட்டுப் போவது 115 ரூபாய். யார் பட்டம் வென்றாலும் திரும்பி வருவது 100. அந்த 15 ரூபாய் பெட்டிங் நடத்துபவரின் லாபம். பந்தயம் தொடங்கும் முன்பே அது விலைக்குள் ஏற்றப்பட்டுவிட்டது. இதோடு இன்னொன்றும் உண்டு. ரசிகர்கள் ஒரு வீரர்மேல் பணத்தைக் குவித்தால் அவருடைய ரேட் இறங்கும். அவர் வண்டி ஒரு நொடிகூட வேகம் கூடியிருக்காது.

ஒரு பந்தயத்துக்குக் கட்டுவதைவிட முழு சீசனுக்கும் கட்டுவது இன்னும் மோசம். பணம் மாதக்கணக்கில் முடங்கிக் கிடக்கும். நடுவில் எது வேண்டுமானாலும் நடக்கலாம். 2020-இல் எல்லோரும் மார்க்கெஸ்தான் என்றார்கள். ஸ்பெயினின் ஹெரெஸில் நடந்த முதல் பந்தயத்திலேயே விழுந்து கையை முறித்துக்கொண்டார். அந்த சீசனில் அவர் பிறகு எந்தப் பந்தயத்திலும் ஓட்டவில்லை. பட்டம் வென்ற ஜோவான் மிர் 14 பந்தயங்களில் ஒன்றே ஒன்றில்தான் முதலிடம் பிடித்திருந்தார். 2022-இல் சீசனின் பாதியில் 91 புள்ளி பின்தங்கியிருந்த பிரான்செஸ்கோ பன்யாயா கடைசியில் 17 புள்ளி முன்னால் வந்து சாம்பியன் ஆனார். அதே பன்யாயா 2024-இல் 11 ஞாயிற்றுக்கிழமைப் பந்தயங்களை வென்றார். மூன்றே மூன்றை வென்ற ஹோர்ஹே மார்ட்டின் 10 புள்ளி வித்தியாசத்தில் பட்டத்தைக் கொண்டுபோனார். வேகமானவர் யார் என்று சரியாகச் சொன்னவரும் அந்த வருடம் பணத்தை இழந்திருப்பார்.

வண்டியையும் டயரையும் வீரரையும் கூர்ந்து கவனிப்பவர்களுக்கு இது திறமைதானே, சூது எப்படி ஆகும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது என்று தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்புச் சொன்னது. ஆனால் அது சட்டம் குறித்த விடை. பாக்கெட் குறித்த விடை வேறு. ரசிகருக்குத் தெரிந்த எல்லாமே ரேட் போடுபவருக்கும் தெரியும். அவரைவிட ஓரளவு கூடுதலாகத் தெரிந்திருந்தால் போதாது. அந்த 15-ஐயும் தாண்டும் அளவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அப்படித் தாண்டித் தொடர்ந்து ஜெயிப்பவர்கள் கட்டும் தொகைக்கு உச்சவரம்பு போடுவது வெளிநாட்டு பெட்டிங் நிறுவனங்களின் வழக்கம். தோற்பவருக்கு அந்த வரம்பு கிடையாது.

தடை வந்துவிட்டதே, பாடம் எதற்கு என்பது அடுத்த கேள்வி. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டை நடத்துபவருக்கு மூன்றாண்டு சிறையும் ஒரு கோடி ரூபாய் அபராதமும் வரை விதிக்கிறது. அதை முழுமனதோடு வரவேற்கிறேன். ஆனால் சர்வர் எங்கோ வெளிநாட்டில் இருக்கிறது. ஒரு செயலியை முடக்கினால் வேறு பெயரில் இன்னொன்று வருகிறது. தமிழ்நாட்டில் லாட்டரி 2003-இலேயே தடை செய்யப்பட்டது. மூன்று நம்பர் லாட்டரி விற்றவர் கைது என்ற செய்தி மாவட்டப் பக்கங்களில் இன்றும் வருகிறது. சட்டம் நடத்துபவரைப் பிடிக்கட்டும். திரையில் ரேட்டைப் பார்க்கும் பையனுக்கு அது என்னவென்று தெரிந்திருக்க வேண்டும்.

வகுப்பறையில் சூதாட்டமா என்று பெற்றோர் பதறலாம். நிகழ்தகவுப் பாடத்தில் பகடையும் சீட்டுக்கட்டும் காலங்காலமாக இருக்கின்றன. அதைப் படித்து யாரும் சீட்டாடப் போனதில்லை. உண்மையில் இப்போதைய பாடம்தான் பாதியில் நிற்கிறது. ஒழுங்கான பகடையை மட்டும் காட்டிவிட்டு, கூட்டுத்தொகை 1-ஐத் தாண்டும்படி ஒருவர் விலை போட்டால் என்ன ஆகும் என்பதை அது கேட்பதே இல்லை. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் மாநிலத்திலேயே கடைசியில் இருந்தது தருமபுரி, 68.5 சதவீதம். இங்கே பல வீடுகளில் பத்தாம் வகுப்புக் கணக்கைத் தாண்டி இதைச் சொல்லித்தர ஆள் கிடையாது. புதிய பாடத்திட்டம் எழுதுகிறவர்கள் நான்கு ரேட்டைக் கொடுத்து, மிச்சம் யாருக்குப் போகிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லும் ஒரு பயிற்சிக் கணக்கைச் சேர்த்தால் போதும். ஆசிரியருக்கு ஒரு பாடவேளைக்கு மேல் ஆகாது.