தடை போட்டால் மீன் பெருகுமா?

பொருளியல் பயிலும் மாணவர் எவரும் முதல் வாரத்திலேயே இரண்டு கோடுகளைச் சந்திக்கிறார். ஒன்று தேவைக் கோடு. மற்றொன்று அளிப்புக் கோடு. விலை ஏறினால் வாங்குவோர் குறைவர், விற்போர் பெருகுவர். இரண்டும் சந்திக்கும் புள்ளியே சந்தை விலை. தேர்வுக்கு இது போதும். ஆனால், நம் வீட்டு மீன் குழம்பின் விலையை இக்கோடுகளால் விளக்க முயலும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

நான் ஜொகூர் மாநிலத்தின் செடெனாக்கைச் சேர்ந்தவன். முன்பு ரப்பரும் பிறகு செம்பனையும் சூழ்ந்திருந்த ஊர். இன்று தரவு மையங்களும் எழுந்துள்ளன. எங்களுக்குக் கடல் இல்லை. ஆனால், மேற்கே பொந்தியான், குக்குப். வடகிழக்கே மெர்சிங், எண்டாவ் என்று மீன் இறங்கும் ஊர்கள் ஜொகூரின் இரு கரைகளிலும் உண்டு. நெடுஞ்சாலையில் தெற்கே சென்றால் சிங்கப்பூர். "கடல் நம்முடையது, மீனும் நம்முடையது, விலை மட்டும் ஏன் நம்முடையதாக இல்லை?" என்று எங்கள் ஊர்த் தாய்மார்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான்.

விடை இதுதான். ஜொகூர் மீனவருக்கு இரண்டு வாடிக்கையாளர்கள். ஒருவர் ரிங்கிட்டில் வாங்குபவர். மற்றவர் சிங்கப்பூர் வெள்ளியில் வாங்குபவர். சிங்கப்பூர் தன் உணவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதி செய்யும் நாடு. 1973 வரை இரு நாட்டு நாணயங்களும் ஒன்றுக்கு ஒன்று என்று கைமாறின. 2024 பிப்ரவரியிலோ ஒரு சிங்கப்பூர் வெள்ளி மூன்றரை ரிங்கிட்டைத் தாண்டியது. அங்கே பத்து வெள்ளி கொடுக்கத் தயங்காத ஒருவருடன், இங்கே 35 ரிங்கிட் கொடுக்க முடியாத தோட்டத்துக் குடும்பம் எப்படிப் போட்டியிடும்? பெரிய இறாலும் வாவலும் கெராப்பும் அதிக விலை கிடைக்கும் இடத்துக்குப் போகின்றன. கெம்போங்கும் செலாரும் நமக்கு மிஞ்சுகின்றன. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவமழையில் கிழக்குக் கரைப் படகுகள் கடலுக்குச் செல்வது குறையும்போது, அவையும் அரிதாகிவிடுகின்றன.

அப்படியானால் ஏற்றுமதியை நிறுத்திவிட்டால் என்ன? இது பலரும் கேட்கும் கேள்வி. அரசாங்கமும் செய்து பார்த்தது. 2019 ஜனவரி, பிப்ரவரி மாதங்களில், மழைக்காலத்தையும் சீனப் பெருநாளையும் கருதி, கடலில் பிடிக்கப்படும் சில வகை மீன்களையும் இறாலையும் ஏற்றுமதி செய்யக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. நோக்கம் நல்லது. ஆனால், தடை உத்தரவால் கடலில் ஒரு மீன் கூடக் கூடுதலாகப் பிறப்பதில்லை. மழைக்காலத்தில் மீனவர் கடலுக்குப் போகும் நாள்கள் குறைவு. பிடிபடும் கொஞ்சத்துக்குக் கிடைக்கும் நல்ல விலைதான் அக்குடும்பத்தைக் காப்பாற்றுகிறது. அந்த விலையையும் பறித்தால், ஓர் ஏழையின் தட்டில் மீன் வைக்க இன்னோர் ஏழையின் அடுப்பை அணைத்தவர்கள் ஆவோம்.

கோழி விஷயத்தில் நடந்ததையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2022 ஜூன் 1 முதல் மாதத்துக்கு 36 இலட்சம் கோழிகளின் ஏற்றுமதியை மலேசியா நிறுத்தியது. அதற்கு முந்திய ஆண்டில் சிங்கப்பூரின் கோழி இறக்குமதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மலேசியாவினுடையது. சிங்கப்பூர் என்ன செய்தது? அந்த மாத இறுதிக்குள் இந்தோனேசியக் கோழிக்கு அனுமதி கொடுத்துவிட்டது. அக்டோபரில் தடை முழுமையாக நீங்கியபோது, நம் பண்ணையாளர்களுக்கு ஒரு புதிய போட்டியாளர் உருவாகியிருந்தார். கோழியையாவது பண்ணையில் பெருக்கலாம். கடல் மீன் அப்படியன்று.

பாடநூலின் அளிப்புக் கோடு தடுமாறும் இடமும் இதுவே. கனடாவின் பொருளியலாளர் ஸ்காட் கோர்டன் 1954-இல் மீன்பிடியைப் பற்றி ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். பொதுச் சொத்தான கடலில், நான் இன்று விட்டுவைக்கும் மீனை நாளை வேறொருவர் பிடித்துவிடுவார். ஆகவே எவரும் விட்டுவைப்பதில்லை என்பது அதன் சாரம். 1970-இல் பார்சிவல் கோப்ஸ் இன்னும் ஒரு படி சென்றார். விலை ஏற ஏறப் படகுகள் பெருகும். குஞ்சும் தாயும் பிடிபடும். முடிவில் விலை ஏறியும் அளிப்பு குறையும் என்று காட்டினார். கோடு மேலே சென்று பின்னோக்கி வளைகிறது! நுனிக்கிளையில் அமர்ந்து அடிமரத்தை வெட்டுவதற்கு இதைவிடத் தெளிவான வரைபடம் இல்லை.

ஆகவே, ஏற்றுமதி எல்லாமே நன்மை என்றும் நான் வாதிடவில்லை. தமிழகத்தின் நாகப்பட்டினம் வட்டாரத்தில் 1990-களில் அந்நியச் செலாவணிக்காக இறால் பண்ணைகள் பெருகின. நெல் வயல்களிலும் குடிநீரிலும் உப்பு ஏறியது. சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 11-ஆம் நாள் இந்திய உச்ச நீதிமன்றம் கடலோர ஒழுங்குமுறைப் பகுதியிலிருந்த அத்தகைய பண்ணைகளை அகற்ற உத்தரவிட்டது. வெளிநாட்டார் கொடுத்த விலையில் உழவர் இழந்த நிலத்தின் கணக்கு சேர்க்கப்படவே இல்லை.

பின் வழிதான் என்ன? முதலாவது, உதவித் தொகையைச் சரியாகக் கேட்பது. 2024 ஜூன் 10-இல் தீபகற்பத்தில் டீசல் லிட்டருக்கு 3.35 ரிங்கிட்டாக உயர்ந்தபோதும், தகுதி பெற்ற மீனவர்களுக்கு 1.65 ரிங்கிட் விலை காக்கப்பட்டது. அது மக்கள் பணம். சிறு மீனவருக்கு அது தொடரட்டும். ஆனால், பெரும் படகுகள் அந்த டீசலில் பிடிக்கும் மீனில் ஒரு பங்கை உள்நாட்டுச் சந்தையில் இறக்க வேண்டும் என்று நிபந்தனை விதிப்பதில் தவறென்ன? இரண்டாவது, மீன் மலிந்த மாதங்களில் வாங்கிச் சேமித்து மழைக்காலத்தில் விற்கும் குளிர்க்கிடங்குகள் செடெனாக், கூலாய் போன்ற உள்நாட்டு ஊர்களிலும் வேண்டும். மூன்றாவது, மீன் குஞ்சு வளரும் அலையாத்திக் காடுகளைக் காப்பது. இந்த மூன்றாவது இல்லையேல் முதல் இரண்டும் வீண்.

நம் சமுதாயத்துக்கும் ஒரு கடமை உண்டு. தனித்தனியாக வாங்கும் நூறு குடும்பங்களுக்குப் பேரம் பேசும் வலிமை இல்லை. சேர்ந்து வாங்கினால் உண்டு. இது நமக்குப் புதிதன்று. 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தபோது, தோட்டத் தொழிலாளர்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தால் தோட்டங்களையே வாங்கினர். தோட்டம் வாங்கிய சமுதாயத்தால், மெர்சிங்கிலிருந்து வாரம் ஒரு லோரி மீனைக் கூட்டாக வாங்க முடியாதா?

கணக்கியல், வணிகம், உணவுத் தொழில்நுட்பம், பொறியியல் எனப் பல துறைகளில் பயிலும் நண்பர்களே, பட்டம் பெற்றுப் பணியில் அமர்ந்துள்ள முன்னாள் மாணவர்களே! கணக்கெழுதவும் குளிர்ப்பெட்டி அமைக்கவும் தெரிந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். தடை போடச் சொல்லி அரசாங்கத்தைக் கேட்பது எளிது. விடுமுறையில் ஊர் திரும்பும்போது பத்துக் குடும்பங்களை ஒன்றாக உட்காரவைத்துப் பேசுவது கடினம். அந்தக் கடினமான வேலையைத் தொடங்குவோம்.